கசிவு அண்ணாச்சியும் கரைமேல் அம்மனும்

குற்றால அருவியைப் பார்த்துக் கவலைப்பட்ட மனிதர் இந்த உலகத்தில் ஒரே ஒருவர்தான் இருந்திருக்க முடியும். சாரல் காலத்தில் நாங்களெல்லாம் உடம்பு முழுக்க எண்ணெயை அப்பிக்கொண்டு பேரருவிக்குத் தலையைக் கொடுத்து நின்றால், அவர் மட்டும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எட்ட நின்று அண்ணாந்து பார்ப்பார். பெண்ணைக் கட்டிக்கொடுத்தவர் சம்பந்தியைப் பார்க்கிற பார்வை அது.

"குளிக்கலையா அண்ணாச்சி?" என்று கேட்டால் பதில் தயாராக இருக்கும்.

"எப்பிடிவே குளிக்க மனசு வரும்? இம்புட்டுத் தண்ணி கசியுது. மேல போயி ஒருத்தனும் பாக்கது கெடையாதா?"

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். தென்காசியில் அது யாருக்கும் தெரியாது. கசிவு அண்ணாச்சி என்று சொன்னால் போதும், குதிரைவண்டிக்காரன் நேரே குளத்தங்கரையில் கொண்டுபோய் இறக்கிவிடுவான். நான் சொல்வது யுத்தத்துக்குச் சில வருஷம் முந்தி. அப்போது நான் தென்காசியில் ஒரு வக்கீலிடம் குமாஸ்தாவாக இருந்தேன். புதுசாகக் கல்யாணம் ஆகி, வாடகை சல்லிசாக இருக்கிறதே என்று குற்றாலம் போகிற பாதையில் ஒரு வீடு பிடித்தேன். வாடகை ஏன் சல்லிசு என்பது குடிபோன பிறகுதான் விளங்கிற்று. கொல்லைக் கதவைத் திறந்தால் வானம் தெரியாது. உயரமாக ஒரு மண் கரைதான் தெரியும். கரைக்கு அந்தப் பக்கம் ஒரு குளம் நிறையத் தண்ணீர். எங்கள் தெரு மொத்தமும் அந்தக் கரையின் காலடியில் படுத்துக் கிடந்தது.

அந்தக் குளம் சர்க்கார் குளம் இல்லை. அண்ணாச்சியின் பாட்டனார் சொந்தச் செலவில், சொந்த வயலுக்காக, மலையிலிருந்து வருகிற ஓடையை மறித்துக் கட்டியது. சர்க்கார் குளமாக இருந்தால் ஓவர்சியர் வருவார், பார்ப்பார், எழுதிக்கொண்டு போவார். சொந்தக் குளத்துக்கு அந்தப் பாக்கியம் கிடையாது. உடைந்தால் சொந்தக்காரன்தான் பதில் சொல்லவேண்டும். அண்ணாச்சிக்குப் பெண்டாட்டி காலமாகிவிட்டாள், பிள்ளைகள் கிடையாது. ஆகவே தன்னிடம் இருந்த கவலை முழுவதையும் வேறெங்கும் சிந்தாமல் அந்தக் கரைமேலேயே கொட்டினார்.

காலையில் பெரிய கோயிலுக்குப் போய் ஒரு கும்பிடு. அப்புறம் நேரே கரை. கையில் ஒரு மூங்கில் கழி. குனிந்து, நிமிர்ந்து, மண்ணைக் குத்தி, முகர்ந்து, காது கொடுத்துக் கேட்டு, இந்த முனையிலிருந்து அந்த முனைக்குப் போய்ச் சேர வெயில் ஏறிவிடும். வழியில் முளைத்த செடி எதுவானாலும் பிடுங்கிவிடுவார். மரம் இருந்தால் கரைக்குப் பலம்தானே என்று நான் ஒரு தடவை கேட்டுவிட்டேன்.

"இருக்க மட்டும் பலம். செத்தா வேரு மக்கும்லா? வேரு மக்கின எடம் பொந்து. பொந்துக்குள்ள தண்ணி. அப்புறம் நீரு எங்க இருப்பீரு, நான் எங்க இருப்பேன்?" என்றார். நான் வீட்டுக்குப் போய் வெகு நேரம் கரையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அவர் சுத்த சைவர். வெங்காயம்கூடச் சில நாள் சேர்க்கமாட்டார். ஆனால் தெருத் தெருவாக நின்று எல்லாரையும் நண்டு தின்னச் சொல்லிக் கெஞ்சிய சைவர் அவர் ஒருவர்தான். நண்டு கரையில் வளை போடும் என்பதுதான் காரணம். "நண்டு ஒடம்புக்கு நல்லதாம், சளிக்குக் கேக்குமாம். ரசம் வச்சுக் குடிங்களேம்ப்பா" என்று சொல்லிவிட்டு, சொன்ன பாவத்துக்காகத் திருநீற்றை எடுத்து வாயில் போட்டுக்கொள்வார்.

கல்யாணப் பந்தியில் அவர் பக்கத்தில் உட்காருவது ஒரு தண்டனை. இலையில் சோற்றைக் குவித்து, நடுவில் பள்ளம் செய்து, நாலு பக்கமும் தட்டித் தட்டிக் கரை கட்டுவார். அதிகப்படி ரசம் வெளியேற ஓரத்தில் ஒரு மறுகாலும் உண்டு. அத்தோடு விட்டால் பரவாயில்லை. பக்கத்து இலையையும் எட்டிப் பார்ப்பார். "என்னவே இது, கரை இம்புட்டு மெலிசா இருக்கு? ரசம் கொண்டு வருதான் பாரும், தாங்காது" என்று நம் சோற்றைத் தம் கையால் தட்டிவிடுவார். ஒன்று சொல்லவேண்டும். அவர் கட்டிய சோற்றுக்கரை உடைந்து நான் பார்த்ததே இல்லை.

கரைமேல் மாட்டுவண்டி ஏறக்கூடாது என்பது அவருடைய முதல் சட்டம். மேளம் அடிக்கக்கூடாது என்பது இரண்டாவது. அதிர்ந்தால் மண் இளகுமாம். ஒரு முறை சுந்தரபாண்டியபுரத்திலிருந்து வந்த கல்யாண ஊர்வலம் கரையைக் கடக்கவேண்டியிருந்தது. அண்ணாச்சி நடுவில் வந்து நின்று தவில்காரரின் கையைப் பிடித்துக்கொண்டார். கடைசியில் மாப்பிள்ளை, பெண், நாதஸ்வரம், தவில், சீர்வரிசைத் தட்டு எல்லாம் ஒரு சத்தமும் இல்லாமல், செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, ஒருவர் பின் ஒருவராகக் கரையைக் கடந்தார்கள். எதிரே வந்த ஒரு பெரியவர், துக்கம் விசாரிக்கத் தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார்.

இப்படியாகக் காலம் போய்க்கொண்டிருந்தபோதுதான், ஒரு பங்குனி மாதம், கரைமேல் அம்மன் வந்து சேர்ந்தாள்.

புற்று. கறையான் புற்று. கரையின் நடுப்பகுதியில், மேல்விளிம்பில், தண்ணீர்ப் பக்கமாகக் கொழுக்கட்டை அளவுக்கு மண் எழும்பியிருந்தது. அண்ணாச்சிக்குப் புற்று புதிதில்லை. விடியற்காலை கண்ணில் பட்டால் வெட்டி, பொந்தைத் தோண்டி, களிமண் வைத்து இடித்து, சூரியன் வருமுன் காரியத்தை முடித்துவிடுவார். அன்றைக்கு அவருக்கு லேசாகக் காய்ச்சல். ஒரு நாள் பிந்திவிட்டார். அந்த ஒரு நாளில் பூக்காரி கோமதி முந்திவிட்டாள்.

கோமதி எங்கள் தெருக் கடைசி வீட்டில் இருந்தாள். புருஷன் கொழும்புக்குப் போனவன் போனவன்தான். அவள் பூக்கட்டி விற்றுத் தன் காலில் நின்றவள். நாக்கு அரிவாள்மணை. அண்ணாச்சி மண்வெட்டியோடு போய்ச் சேர்ந்தபோது புற்றுக்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, பால் ஊற்றி, பிச்சிப்பூ மாலையும் போட்டு அவள் கும்பிட்டுக்கொண்டிருந்தாள். சங்கரன்கோவில் புற்றுமண்ணைக் கண்ணில் ஒற்றிக்கொள்கிற சீமை இது. மஞ்சள் பட்ட புற்றின்மேல் மண்வெட்டி வைக்க எவனுக்குத் துணிச்சல் வரும்? அண்ணாச்சி மண்வெட்டியைக் கீழே போட்டு, முதலில் ஒரு கும்பிடு போட்டார். அப்புறம்தான் சண்டையைத் தொடங்கினார்.

"கோமதி, இது என் கரைட்டி."

"கரை ஒங்களுதுதான் அண்ணாச்சி. அம்மன் ஊருக்குப் பொது."

"புத்துன்னா மேல தெரியது கோபுரம் மட்டும்தான். உள்ள தெருத் தெருவா ஒரு ஊரே இருக்கும். தண்ணி ஏறி அதுக்குள்ள பூந்துச்சுன்னா, மொத வீடு ஒன் வீடுதான்."

"அம்மன் காப்பாத்துவா."

"அம்மனைக் காப்பாத்தது யாருட்டி?"

கோமதி இன்னொரு கரண்டி பாலை ஊற்றினாள். பால் புற்றுக்குள் போய் மறைவதை அண்ணாச்சி பார்த்தார். என் மனைவி சொன்னாள், அந்தப் பால் போகிற வேகத்தைப் பார்த்து அவர் கண் கலங்கிவிட்டதாம்.

ஓவர்சியர் ஒருவரைக் கையைக் காலைப் பிடித்து அழைத்து வந்தார். ஓவர்சியர் நல்ல மனிதர். "நீங்க சொல்லுதது நூத்துக்கு நூறு சரி. வெட்டி எடுத்துட்டுக் களிமண் போட்டு இடிக்கணும்" என்றார். பிறகு மாலையையும் மஞ்சளையும் பார்த்தார். "ஆனா குளம் ஒங்க சொந்தக் குளம். அதனால அம்மனும் ஒங்க சொந்தப் பொறுப்பு" என்று சைக்கிளில் ஏறிவிட்டார்.

அடுத்த நாள் அண்ணாச்சி எங்கள் வக்கீல் ஆபீசுக்கு வந்தார்.

"காலி பண்ணச் சொல்லி ஒரு நோட்டீஸ் விடணும்."

"யார் பேருக்கு?" என்றார் வக்கீல்.

"அம்மன் பேருக்கு."

வக்கீல் பேனாவைக் கீழே வைத்தார். சட்டம் என்று வந்துவிட்டால் அவருக்குச் சிரிப்பு வராது. "அண்ணாச்சி, சட்டப்படி தெய்வம் மைனர். எத்தனை யுகம் ஆனாலும் மேஜர் ஆகாது. மைனர் மேல நடவடிக்கை எடுக்கணும்னா அதுக்கு ஒரு கார்டியன் இருக்கணும்."

"யாரு கார்டியன்?"

"யாரு பூசை பண்ணுதாளோ அவதான்."

அண்ணாச்சி மோட்டுவளையைப் பார்த்தார். கோமதியைக் கூண்டில் ஏற்றி, அவள் வாயைத் திறப்பதைக் கற்பனை செய்து பார்த்திருப்பார் போலிருக்கிறது. "கேசு வேண்டாம்" என்று எழுந்துவிட்டார்.

ஆனால் சும்மா போகவில்லை. வாசலில் செருப்பை மாட்டும்போது என்னைக் கிட்டே கூப்பிட்டார். முகத்தில் ஒரு வெளிச்சம்.

"குமாஸ்தாவே, அம்மனை நாம வெட்டப்படாது. சரி. பக்தருமாரு பிரசாதம்னு அள்ளிக்கிட்டுப் போனா, அது வெட்டுததுல சேராதுல்லா?"

சேராது என்றேன். எனக்கும் அது அபாரமான யோசனையாகத்தான் பட்டது.

அதற்குப் பிறகு கரைமேல் அம்மனுக்கு அண்ணாச்சியைப் போல ஒரு பக்தர் கிடையாது. புற்றுமண்ணின் மகிமையைச் சந்தையில் சொன்னார், சத்திரத்தில் சொன்னார், குற்றாலத்துக்குக் குளிக்க வந்த வெளியூர்க்காரர்களை வழிமறித்துச் சொன்னார். அவர் பொய் சொல்லாத மனிதர். ஆகவே ஒவ்வொரு சொல்லையும் எண்ணி எடுத்து வைத்தார். "கால்ல படை இருந்துது. அம்மன் மண்ணைப் பூசினேன். படை போயிட்டு." மூன்றும் உண்மை. நடுவில் செங்கோட்டை வைத்தியரின் களிம்பையும் போட்டதை யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

ஆடி பிறந்தது. ஒரு பக்கம் சாரல், இன்னொரு பக்கம் அம்மன். குளித்துவிட்டு ஈரத் தலையோடு ஜனங்கள் நேரே எங்கள் கரைக்கு வந்தார்கள். ராயகிரியிலிருந்து வண்டி கட்டி வந்தார்கள். புளியறைப் பக்கத்து அம்மா ஒருத்தி "ஒரு நுள்ளு மண்ணு தரணே" என்று மலையாளமாகக் கெஞ்சி, ஒரு சிட்டிகை என்று சொன்னவள் மடி நிறைய அள்ளிக்கொண்டு போனாள். அண்ணாச்சி பக்கத்தில் நின்று, "நல்லா அள்ளுங்க தாயி, ஆழமா அள்ளுங்க, உள்மண்ணுக்குத்தான் சக்தி" என்று ஊக்கம் கொடுத்தார். ஆடி முடியுமுன் புற்று தரைமட்டமாகி, கறையான் ஊரும் காலியாகிவிட்டது. அண்ணாச்சி பெரிய கோயிலில் தேங்காய் உடைத்தார்.

தேங்காய் உடைத்ததுதான் மிச்சம். புற்று தீர்ந்தது, பக்தி தீரவில்லை. ஆவணியிலும் ஜனங்கள் வந்தார்கள். புற்று இருந்த இடத்தில் அள்ளினார்கள். அது குழியாயிற்று. குழி ஆழமாயிற்று. "அம்மன் உள்ள எறங்கி உக்காந்துட்டா" என்றாள் கோமதி. குழிக்குள் விளக்கு வைத்தாள். அண்ணாச்சி முள்வேலி போட்டார். வேலியில் மஞ்சள் கயிறு கட்டித் தொட்டில் தொங்கவிட்டார்கள். விடிகிற நேரத்தில் யாருக்கும் தெரியாமல் நல்ல களிமண்ணாகக் கொண்டுவந்து குழியை நிரப்பிப் பார்த்தார். அன்றைக்கு வந்த கூட்டம் அதையும் அள்ளிக்கொண்டு போயிற்று. "முன்ன உள்ள மண்ணை விட இது வழவழன்னு இருக்கு" என்று ஒரு மாமி பாராட்டினாள். தன் கரையைத் தானே விளம்பரம் செய்து தானம் கொடுத்த ஒரே குளத்துக்காரர் எங்கள் அண்ணாச்சிதான். தெருவில் எல்லாரும் சிரித்தோம். நானும்தான் சிரித்தேன்.

ஐப்பசி மழை வந்தபோது சிரிப்பு போயிற்று.

அடைமழை. ஓடை செந்நிறமாக இறங்கியது. குளம் நிறைந்து மறுகால் பாய்ந்தது. அண்ணாச்சி மடையைத் திறந்துவிட்டார். வயலெல்லாம் வெள்ளம், ஆனாலும் குளத்துத் தண்ணீர் குறையவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை உச்சிவேளை, நான் கோர்ட்டுக்குப் போகாமல் வீட்டில் இருந்தேன். என் மனைவிக்கு நிறைமாதம். அண்ணாச்சி கொல்லை வழியாக வந்தார். உடம்பெல்லாம் சேறு. வழக்கம்போல் "கசியுது" என்று கத்தியிருந்தால் நான் எழுந்திருக்கக்கூட மாட்டேன். அவர் கத்தவில்லை. மெதுவாக, என் மனைவியிடம் சொன்னார்.

"தாயி, மெள்ள எந்திரிச்சு, மேட்டுல இருக்க பிள்ளையார் கோயில்ல போயி உக்காந்துக்கோ. அவசரமில்ல. ஆனா இப்பமே போ."

அவளைக் கொண்டுபோய்க் கோயிலில் விட்டுவிட்டு நான் அவரோடு ஓடினேன். கரையின் வெளிப்பக்கம், சரியாக எங்கள் கொல்லைக்கு எதிரே, அடிவாரத்தில் விரல் தடிமனுக்கு ஒரு ஊற்று. அவர் உள்ளங்கையில் ஏந்திக் காட்டினார்.

"தெளிஞ்ச தண்ணியா வந்தா பயமில்ல, அது கரைக்கு வேர்வை மாதிரி. இது கலங்கி வருது பாரும். உள்ள மண்ணைக் கரைச்சு எடுத்துக்கிட்டு வருது. மேல அம்மன் குழியை இப்பம் அடைக்கலைன்னா, பொழுது சாயதுக்குள்ள தெரு இருக்காது."

மேலே ஏறினோம். குழியின் விளிம்புக்கு ஒரு சாண் கீழே தண்ணீர் அலையடித்துக்கொண்டிருந்தது. குழியைச் சுற்றித் தெருவே கூடியிருந்தது. வெள்ளிக்கிழமைப் பூசை. தலையில் சாக்கைக் கொங்காணி போட்டுக்கொண்டு பெண்கள். மழையில் வேலை இல்லாததால் ஆண்களும். அண்ணாச்சி கையைக் கூப்பினார்.

"எல்லாரும் ஆளுக்கு ரெண்டு கூடை மண்ணு கொண்டாங்கப்பா. குழியை மூடிருவோம். கரை போகுது."

யாரும் அசையவில்லை. அவர் சொன்னதை நம்பாமல் இல்லை. நம்பினாலும் பயம் வேறு பக்கம் இருந்தது. "அம்மனை உயிரோட மண்ணு போட்டு மூடுததா? கொலம் வெளங்குமா?" என்று ஒரு பெரியவர் கேட்டார். எல்லாத் தலையும் ஆடியது. அம்மன் இருக்கிற குழியை மூட, அம்மனே சொன்னால்தான் உண்டு.

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். குளத்தைப் பார்த்தார். கீழே எங்கள் ஓட்டுக் கூரைகளைப் பார்த்தார். பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, துண்டால் துடைத்து, கூட்டில் போட்டு மூடி, என் கையில் கொடுத்தார்.

அதற்குப் பிறகுதான் அவருக்குச் சாமி வந்தது.

நான் எத்தனையோ சாமியாட்டம் பார்த்திருக்கிறேன். இவ்வளவு மோசமாக ஆடி யாரையும் பார்த்ததில்லை. கை ஒரு பக்கம் போனால் கால் வேறு பக்கம் போயிற்று. கரை அதிரக்கூடாதே என்று குதிக்கும்போதுகூடப் பாதத்தைப் பூப்போல வைத்தார். ஆனால் குரல் மட்டும் எங்கிருந்தோ வந்தது.

"ஏலே, எனக்குக் குளிருதுலே. என்னைத் தொறந்து போட்டுட்டு எல்லாரும் போர்த்திக்கிட்டு நிக்கியளே. மூடுங்கலே என்னை."

பெண்கள் குலவை போட்டார்கள். கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

"களிமண்ணு கொண்டா. குயவர் தெருவுல குமிச்சுக் கெடக்கு, அதைக் கொண்டா. என் தலைமாட்டுல மணல் விழுந்துச்சு, குடும்பத்தைக் கருவறுத்துருவேன். மணலும் சரளையும் கால்மாட்டுக்கு. அந்தா, கரைக்குக் கீழ ஊத்து வருது பாரு, அதுமேல போடு. ஒரு சாண் போட்டு மிதி. மிதிச்சிட்டு மறு சாண் போடு. மொத்தமாத் தட்டினா நான் ஏத்துக்க மாட்டேன்."

இவ்வளவு விவரமாகப் பேசுகிற அம்மனை எங்கள் ஊர் அதுவரை கண்டதில்லை. சிலர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பெரியவர் பயபக்தியோடு கேட்டார்: "ஆத்தா, கூடையில கொண்டாரவா, சீக்கிரமா வண்டியில கொண்டாந்துரவா?"

"வண்டி கரைமேல ஏறப்படாது" என்றாள் அம்மன்.

குலவை நின்றுவிட்டது. அந்த வாக்கியத்தை, அதே குரலில், எங்கள் தெருவில் கேட்காத ஆள் கிடையாது. அண்ணாச்சி ஒரு காலைத் தூக்கியவர் தூக்கியபடியே நின்றார். எல்லாரும் கோமதியைப் பார்த்தார்கள். அவள்தானே கார்டியன்.

கோமதி எழுந்து அவர் எதிரில் வந்தாள். கண்ணாடி இல்லாத அந்தக் கண்ணை உற்றுப் பார்த்தாள். கரைக்கு வெளியே எட்டி, கீழே கலங்கி வருகிற தண்ணீரையும் பார்த்தாள். பிறகு திரும்பி, தன் பூக்கூடையைத் தூக்கினாள். அன்றைக்கு விற்க வேண்டிய பூ முழுவதையும் குழிக்குள் கொட்டினாள்.

"ஆத்தா கேட்டுட்டா. கூடையைத் தூக்காம என்ன பாத்துக்கிட்டு நிக்கிய?" என்று வெறுங்கூடையோடு குயவர் தெருவைப் பார்த்து இறங்கினாள். தெரு முழுவதும் அவள் பின்னால் இறங்கியது.

அப்புறம் நடந்தது திருவிழாதான். கூடை கூடையாகக் களிமண் ஏறியது. பெண்கள் கைகோர்த்துக் குலவை போட்டுக்கொண்டே மிதித்தார்கள். ஆற்றுமணலும் சரளையும் கீழே ஊற்றின்மேல் விழுந்தன. பூசை அறையில் மஞ்சள் துணியில் முடிந்து வைத்திருந்த சிட்டிகை மண்ணைக்கூடச் சிலர் ஓடிப்போய் எடுத்து வந்து போட்டார்கள். இத்தனை நேரமும் அண்ணாச்சி ஆடிக்கொண்டே இருக்கவேண்டியிருந்தது. சாமி இறங்கினால் ஜனம் சிந்திக்க ஆரம்பித்துவிடுமே. அறுபது வயசு உடம்பு. நாக்குத் தள்ளிப்போயிற்று. கோமதி வேப்பிலை போட்ட தண்ணீரை வாயில் ஊற்றுவாள், மறுபடி ஆடுவார். நடுநடுவே "அந்த மூலையில மிதி பத்தாது" என்று அம்மன் சிணுங்குவாள்.

பொழுது சாய்கிற வேளையில் கீழே போய்ப் பார்த்தேன். சரளைக்கு அடியில் கசிந்தது தெளிந்த தண்ணீர். கைக்குட்டையை ஆட்டிக் காட்டினேன். அண்ணாச்சி "மலையேறுதேன்" என்று தொடங்கினார். அதற்குள் கோமதி குறுக்கே விழுந்து கேட்டாள்: "ஆத்தா, இனிமே நீ எங்கன இருப்ப?"

"எங்கன வேணாலும் இருப்பேன். கரைமேல மட்டும் இருக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு அண்ணாச்சி சேற்றில் பொத்தென்று விழுந்தார்.

அம்மனை மேட்டு வேப்பமரத்தடிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். தெரு பிழைத்தது. ஆனால் அண்ணாச்சி பெரிய கோயிலுக்குப் போவதை நிறுத்திவிட்டார். வாசல்வரை போய், கோபுரத்தைப் பார்த்து, திரும்பி வந்துவிடுவார். ஒரு நாள் ஆபீசுக்கு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"குமாஸ்தாவே, ஒரு ஆளு இன்னொரு ஆளு மாதிரி நடிச்சு ஏமாத்தினா சட்டத்துல அதுக்கு என்ன பேரு?"

"ஆள்மாறாட்டம்."

"தண்டனை உண்டா?"

"மனுசனா நடிச்சாத்தான் உண்டு அண்ணாச்சி. அம்மனா நடிச்சதுக்கு செக்ஷன் கிடையாது."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. அவர் பயம் நிஜமான பயம். பொய் சொல்லாமலே அறுபது வருஷம் ஓட்டிவிட்டு, சொன்ன ஒரே பொய்யைத் தெய்வத்தின் வாயில் வைத்துச் சொல்லிவிட்டோமே என்று அந்த மனிதர் சோறு இறங்காமல் கிடந்தார். எனக்கு மனசு கேட்கவில்லை. சாயங்காலம் அவரை இழுத்துக்கொண்டு கோமதி வீட்டுக்குப் போனேன். அவள் முற்றத்தில் பூக் கட்டிக்கொண்டிருந்தாள். அண்ணாச்சி தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார். அம்மன் மன்னிப்பாளா என்று கேட்டார்.

கோமதி கட்டுவதை நிறுத்தவில்லை.

"ஆடினது நீங்கதான்னு ஒங்களுக்கு யாரு சொன்னா?"

"நான்தாட்டி. கண்ணாடியைக் கழட்டிப் பத்திரமா வச்சிட்டுல்லா ஆடினேன்."

"கழட்டச் சொன்னது யாரு?"

கோமதி ஒரு முழம் பூவை நறுக்கி அவர் கையில் வைத்து, "நாளைக்குக் கோயிலுக்குப் போவும்போது கொண்டுபோங்க" என்றாள். அவர் அந்தப் பூவை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். அடுத்த நாள் காலையில் கோயிலுக்குப் போனார்.

அதே வருஷம் கார்த்திகையில், அந்த வீட்டிலேயே எனக்குப் பெண் பிறந்தாள். வெளியே விடாத மழை. பிள்ளையை அணைத்துப் படுத்திருந்த என் மனைவி, "கரைமேல அண்ணாச்சி கொடை போகுதா பாருங்க" என்றாள். கொல்லைக் கதவைத் திறந்து பார்த்தேன். ஒரு தாழங்குடை அந்த முனைக்குப் போய், நின்று, குனிந்து, திரும்பி வந்துகொண்டிருந்தது. போகுது என்றேன். "அப்பம் சரி" என்று அவள் கண்ணை மூடிக்கொண்டாள். நானும் கொஞ்ச நேரத்தில் தூங்கிவிட்டேன். இப்போது நாங்கள் மெட்ராசில், மூன்றாம் மாடியில் இருக்கிறோம். வெள்ளம் எட்டாத உயரம். ஆனாலும் மழை வலுத்தால் எழுந்துபோய் ஜன்னலைத் திறந்து பார்க்கிறேன். நமக்காக நனைந்துகொண்டு நடக்க ஓர் ஆள் வெளியே இல்லாமல், இந்த ஊரில் எல்லாரும் எப்படித்தான் தூங்குகிறார்களோ தெரியவில்லை.